தவிட்டுக்கு வாங்கிய மகன்

"அத்தை, இப்படி உட்காருங்க" என்று சொல்லி முடித்த பிறகுதான் தான் செய்த காரியம் பத்துமலைக்குப் புரிந்தது.

நாற்காலியை இழுத்த கை பாதியில் நின்றது. மேசைக்கு அந்தப் பக்கம் விண்ணப்பப் பாரங்களைப் புரட்டிக்கொண்டிருந்த குடிநுழைவு அதிகாரி ஜமாலுடின் தலை நிமிர்ந்தார். முதலில் நல்லம்மாளைப் பார்த்தார். பிறகு பத்துமலையைப் பார்த்தார். பேனாவை மூடி வைத்தார்.

தான் சுங்கை சிப்புட்டில் வளர்ந்தவன் என்று அவர் மலாயில் சொன்னார். வீட்டுக்குப் பின்னால் ரப்பர் தோட்டம். தோட்டத்துப் பிள்ளைகளோடு பந்து விளையாடிய காலம் உண்டு. தமிழ் பேச வராது, ஆனால் அம்மா என்றால் யார், அத்தை என்றால் யார் என்று தெரியும் என்றார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் பத்துமலைக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

மேசைமேல் கிடந்த விண்ணப்பத்தில் பத்துமலை, சிலிபின், ஈப்போ, பஸ் கம்பெனிப் பட்டறையில் வேலை, குடியுரிமை உள்ளவர் என்று இருந்தது. ஊரிலிருந்து வந்திருக்கும் தன் தாய் இங்கேயே நிரந்தரமாகத் தங்க அனுமதி கேட்கிறார். தாயின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'நல்லம்மாள் என்கிற கருப்பம்மாள்' என்று தட்டச்சு செய்திருந்தது. நல்லம்மாளின் இந்தியப் பாஸ்போர்ட்டில் வெறும் நல்லம்மாள். பத்துமலையின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் மாயாண்டி, தாய் கருப்பம்மாள்.

ஒருவருக்கு இரண்டு பெயர் இருப்பது இந்த நாட்டில் புதிதல்ல என்று அதிகாரியே சொன்னார். பிறகு வேறொரு தாளை மேலே எடுத்து வைத்தார். சுங்கை சிப்புட்டில், பத்துமலை பிறந்த அதே தோட்டத்து முகவரியில், கருப்பம்மாள் என்ற விதவை ஒருவர் சொந்த அடையாளக் கார்டோடு இன்றும் இருக்கிறார். அவர் யார்?

உண்மையைச் சொல்லியிருக்கலாம். கேட்கக்கூடிய மனிதர்தான் எதிரே இருந்தார். ஆனால் ஒரு பொய்யை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவனுக்கு நாக்கு அந்தப் பொய்யின் பக்கமே போகிறது.

"தெரியாது, துவான்" என்றான் பத்துமலை.

பக்கத்தில் நல்லம்மாள் மூச்சை இழுத்தது அவனுக்குக் கேட்டது.

அதிகாரி கோப்பை மூடினார். அடுத்த வியாழக்கிழமை அந்தக் கருப்பம்மாளை அழைத்துக்கொண்டு வர வேண்டும். அவர்தான் தாய் என்றால் இந்த அம்மாளுக்கு இங்கே இருக்க வழியில்லை. இல்லை என்றால், பாரத்தில் எழுதியது என்ன என்று பத்துமலை விளக்க வேண்டும். பொய் எழுதிக் கொடுப்பது தனிக் குற்றம். இந்த அம்மாளின் வருகைப் பாஸ் மாதக் கடைசியில் முடிகிறது. அதற்குள் ஒன்றும் ஆகாவிட்டால் பினாங்கில் கப்பல் ஏற வேண்டியதுதான்.

படி இறங்கும்போது நல்லம்மாள் ஒன்றே ஒன்று சொன்னாள். "அக்காவ தெரியாதுன்னு சொல்லிட்டியே, தம்பி."

அக்கா என்று அவள் சொன்னது கருப்பம்மாளை. தம்பி என்று அழைத்தது தான் பெற்ற மகனை.

நல்லம்மாளுக்கு முதலில் பிறந்த மூன்று பிள்ளைகளும் நடக்கத் தொடங்கும் முன்பே போய்விட்டன. நாலாவது வயிற்றில் இருந்தபோது அவள் புருஷன் மாயாண்டி பத்துமலைக் கோயில் முருகனுக்கு வேண்டிக்கொண்டான். வேண்டுதல் மட்டும் போதாது என்று லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் சொன்னார்கள். பிள்ளை தங்காத வீட்டில் என்ன செய்வார்களோ அதையே செய்தார்கள். பிறந்த பிள்ளையை முறத்தில் கிடத்தி, பக்கத்து வீட்டுக் கருப்பம்மாளுக்கு ஒரு படி தவிட்டுக்கு விற்றார்கள். எமன் தேடி வந்தால் இது நல்லம்மாள் பிள்ளை இல்லை, கருப்பம்மாள் பிள்ளை. விற்றவள் அதன் பிறகு 'என் பிள்ளை' என்று வாயால் சொல்லக் கூடாது. வாங்கியவள் 'என் பிள்ளை இல்லை' என்று சொல்லக் கூடாது. பால் கொடுத்ததும் வளர்த்ததும் நல்லம்மாள்தான். ஆனால் பையன் அவளை அத்தை என்றும், அடுத்த கதவில் இருந்தவளை அம்மா என்றும் கூப்பிட்டு வளர்ந்தான்.

எல்லாத் தோட்டத்திலும் நடக்கிற காரியம்தான். மாயாண்டி செய்தது அதற்கு மேல் ஒன்று. பிறப்பைப் பதியப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனவன், தாய் பெயர் என்ன என்று கேட்டபோது கருப்பம்மாள் என்றான். அவன் ஏமாற்றவில்லை. எமனுக்குச் சொன்னதையே சர்க்காருக்கும் சொன்னான். இரண்டு இடத்தில் இரண்டு விதமாகச் சொன்னால் பலிக்காது என்று பயந்தான்.

அந்தப் பிறப்புச் சூராட்டைக் கொண்டுதான் பத்துமலைக்குக் குடியுரிமைக்கான நீலக் கார்டு கிடைத்தது. அறுபத்தொன்பதுக்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்றானபோது, சிவப்புக் கார்டு வைத்திருந்த மாயாண்டியும் நல்லம்மாளும் தோட்டத்தில் வேலை இழந்தார்கள். எழுபதில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். திரும்பி வருவதற்கான அனுமதியை எடுத்து வைத்துக்கொண்டு போகலாம் என்பது அவர்களுக்குத் தெரியாது, யாரும் சொல்லவுமில்லை. ஊர் போய்ச் சேர்ந்த ஐந்தாம் வருடம் மாயாண்டி இறந்தான். நல்லம்மாள் யார் யார் வீட்டிலோ மாட்டுக் கொட்டகை ஓரமாகப் படுத்துக் காலம் தள்ளினாள். பத்துமலை இந்த வருடம், எழுபத்தொன்பதில்தான், வருகைப் பாஸில் அவளை வரவழைத்தான். திருப்பி அனுப்பினால் போய்ச் சேர அவளுக்கு ஒரு வாசல் இல்லை.

விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவன் சீனி. காப்பிக்கடை மேசையில் தட்டச்சு இயந்திரத்தோடு உட்கார்ந்து ஊர்க்காரர்களுக்குப் பாரம் நிரப்புகிறவன். இரண்டு பெயரையும் ஒன்றாக்கிவிடும் யோசனை அவனுடையது. நடந்ததைக் கேட்டுவிட்டு, அவன் காப்பியைத் தட்டில் கொஞ்சம் ஊற்றி ஆற்றிக் குடித்தான்.

"நீ ஏன் மச்சான் அத்தைன்னு கூப்புட்ட? வாயில பிளாஸ்திரி ஒட்டிக்கிட்டுப் போயிருக்கலாம்லா."

இனி என்ன செய்வது என்று பத்துமலை கேட்டான். சீனிக்கு அதற்கும் வழி இருந்தது. கருப்பம்மாளுக்கு வயதாகிவிட்டது. பஸ் ஏறி ஈப்போவுக்கு வர முடியாத உடம்பு, நினைவு தப்பிவிட்டது, பேசியதையே பேசுகிறாள் என்று ஒரு கடிதம் எழுதலாம். இல்லாவிட்டால், சுங்கை சிப்புட்டில் இருப்பவள் வேறு கருப்பம்மாள், சூராட்டில் இருந்தவள் செத்துப் பல வருடமாகிறது என்று சொல்லிவிடலாம். அந்தக் காலத்துத் தோட்டத்துச் சாவுக்கு யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்?

"உசுரோட இருக்கிறவங்கள சாகடிக்கச் சொல்றியா?"

"பேப்பர்லதானே மச்சான்."

பத்துமலை எழுந்து வந்துவிட்டான். ஆனால் சிலிபின் போய்ச் சேரும்வரை அந்த யோசனை அவனை விடவில்லை. சொன்னால் என்ன என்று ஒரு தடவை நினைத்தான். அப்படி நினைத்ததற்காக சைக்கிளை நிறுத்திவிட்டு ரோட்டோரம் சற்று நின்றான்.

வீட்டில் அவன் மனைவி நவமணி சோற்றைப் போட்டாள், பேச்சையும் போட்டாள். ஊரில் ஒரு அம்மாவே இல்லாதவன் எல்லாம் பாரம் நிரப்பி அனுமதி வாங்கிவிடுகிறான், வீட்டுக்கு ரெண்டு அம்மா வைத்திருக்கிறவருக்கு அந்தக் கட்டத்தில் எழுத ஒரு அம்மா கிடைக்கவில்லையா என்றாள். நல்லம்மாளுக்கே சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு, தன்னைக் கப்பலில் ஏற்றிவிடும்படி சொன்னாள். இத்தனை வருடம் நோய்நொடி இல்லாமல் அவன் இருப்பது அந்த ஒரு சொல்லைக் காப்பாற்றியதால்தான். இந்த வயதில் தனக்காக அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்றாள். அதை அவள் சோற்றுக்கு உப்பு போதுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்துமலை தனியாகச் சுங்கை சிப்புட் போனான். கருப்பம்மாள் இருந்த தோட்டத்தைத் துண்டு போட்டு விற்று வருடங்களாகின்றன. ரப்பர் மரங்கள் நின்ற இடத்தில் செம்பனைக் கன்றுகள் முளைத்திருந்தன. பழைய லயத்தில் நாலு கதவுகளில் மட்டும் ஆள் இருந்தார்கள். கருப்பம்மாள் வாசலில் வாத்துகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். எழுபது வயது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். நினைவு தப்பியவளாக இவளைக் காட்டுவதற்குச் சீனி வேறு பெண்ணைத்தான் தேட வேண்டியிருக்கும்.

"என்னடா, மூஞ்சி செத்துப்போயிருக்கு?"

அவன் எல்லாவற்றையும் சொன்னான். பாரத்தில் எழுதியதைச் சொன்னான். அதிகாரி கேட்டதைச் சொன்னான். தான் பதில் சொன்னதை மட்டும் விட்டுவிடப் பார்த்தான். அவள் விடவில்லை. அந்தத் துவான் என்னைப் பற்றிக் கேட்டபோது நீ என்ன சொன்னாய் என்று இரண்டு தடவை கேட்டாள்.

"தெரியாதுன்னு சொல்லிட்டேம்மா."

வாத்துகள் அவள் காலைச் சுற்றிக் கத்தின. அவள் கையில் இருந்த தீனியை மொத்தமாகக் கொட்டிவிட்டுச் சேலையில் கையைத் துடைத்தாள்.

பிறகு அவள் பேசியதில் பாதி அவனுக்குப் புதிது. எழுபதில் மாயாண்டியும் நல்லம்மாளும் கப்பல் ஏறிய அன்று, பினாங்குத் துறைமுகத்தில் நல்லம்மாள் தன் காலைப் பிடித்துக்கொண்டு, 'உன் மகன உன்கிட்ட விட்டுட்டுப் போறேன்' என்று சொன்னாள் என்றாள். உன் மகன் என்றுதான் சொன்னாள். அப்போதுகூட வாய் தவறவில்லை. அவளே அப்படிக் காத்த சொல்லைத் தன்னால் போய் ஒரு ஆபீஸில் உடைக்க முடியுமா என்று கேட்டாள். தனக்கென்று பிள்ளை இல்லை. அம்மா என்று கூப்பிட உலகத்தில் இருப்பது ஒரே ஆள். அந்த ஆளை என் மகன் இல்லை என்று கையெழுத்து வைத்துவிட்டு வந்தால், மறுநாள் அவனுக்கு ஒன்று ஆனால் யார் பதில் சொல்வது?

"இல்லன்னு நான் சொல்லமாட்டேன். என்னை ஜெயில்ல போட்டாலும் சொல்லமாட்டேன்."

இதெல்லாம் பழைய நம்பிக்கை என்று சொல்ல பத்துமலைக்கு வாய் வரவில்லை. பட்டறையில் ஜாக்கி நழுவிப் பஸ் இறங்கியபோது, ஒரு விரலுக்கு இடம் விட்டு உயிர் தப்பியவன் அவன். அன்றைக்கு அவனும் தவிட்டைத்தான் நினைத்தான்.

அவன் கிளம்பும்போது அவள் கேட்டாள். "அந்தத் துவான் என்னதான் கேப்பாரு?"

"என்னைப் பெத்தது யாருன்னு கேப்பாரும்மா."

அவள் வாத்துகளைக் கூண்டுக்குள் விரட்டப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை காலை நல்லம்மாளை அழைத்துக்கொண்டு பத்துமலை குடிநுழைவு அலுவலகத்துக்குப் போனான். என்ன சொல்லப் போகிறோம் என்று அவனுக்கே முடிவாகத் தெரியவில்லை. சட்டைப் பையில் சீனி எழுதிக் கொடுத்த கடிதம் இருந்தது. வேண்டாம் என்று சொல்லியும் சீனி பட்டறைக்கே வந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தான். கருப்பம்மாளுக்கு நினைவு தப்பிவிட்டதாக அதில் இருந்தது. பெயர் கூப்பிடும்வரை பெஞ்சில் காத்திருந்தபோது, பையின் மேல் கை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தான். உள்ளே போனதும் எதை முதலில் எடுப்பது, கடிதத்தையா, உண்மையையா என்பதுதான் கேள்வி. கடிதத்தை எடுத்தால் இன்னொரு வாரம் கிடைக்கலாம். உண்மையை எடுத்தால் அதற்குச் சாட்சி இல்லை.

அவர்கள் பெயரைக் கூப்பிட்டபோது, வாசல் பக்கம் பேச்சுச் சத்தம் கேட்டது. காவல்காரனிடம், தன்னை வரச்சொல்லியிருக்கிறார்கள் என்று ஒருத்தி தோட்டத்து மலாயில் வாதாடிக்கொண்டிருந்தாள். கருப்பம்மாள். நல்ல சேலை கட்டி, காலில் செருப்புப் போட்டிருந்தாள். பத்துமலையைப் பார்த்ததும், "எங்கடா அந்த ரூம்பு?" என்றாள். நல்லம்மாளை ஒன்பது வருடத்துக்குப் பிறகு பார்க்கிறாள். கிட்டே போய் அவள் தோளை ஒரு தடவை அழுத்தினாள், அவ்வளவுதான்.

மூன்று பேரும் உள்ளே போனார்கள். நாற்காலி இரண்டுதான் இருந்தது. பத்துமலை நின்றுகொண்டான்.

அதிகாரி கேட்பதற்கு முன்பே கருப்பம்மாள் தொடங்கிவிட்டாள். "இவன நான் வாங்கினேன், துவான்" என்று மலாயில் சொன்னாள்.

ஜமாலுடினின் பேனா நின்றது. பிள்ளையை வாங்கினீர்களா என்று அவர் மெதுவாகக் கேட்டார். எங்கே, யாரிடம், எவ்வளவுக்கு என்று கேட்டார். அந்தக் கேள்விகள் எந்தப் பக்கம் போகின்றன என்று பத்துமலைக்குத் தெரிந்தது. குடிநுழைவு அலுவலகத்தில் பிள்ளை வாங்கிய கதையைச் சொன்னால், அது போலீஸுக்குப் போக எவ்வளவு நேரம்? அவன் குறுக்கே பேச வாயெடுத்தான். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஒரு படி தவிடு" என்றாள் கருப்பம்மாள்.

அந்தச் சொல்லுக்கு மலாயில் அவளுக்குப் பெயர் தெரியவில்லை. வாத்துக்குப் போடுவது, நெல் குத்தினால் வருவது என்றாள். முறத்தைக் கையால் காட்டினாள். மூன்று பிள்ளைகள் போன கதையைச் சொன்னாள். நல்லம்மாள் குனிந்தபடி இருந்தாள். அதிகாரி எழுதாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டு முடித்ததும், அப்படியானால் பத்துமலை உங்கள் மகன் இல்லை, அப்படித்தானே என்றார்.

"அதச் சொல்லமாட்டேன். பெத்தது யாருன்னு கேளுங்க, சொல்றேன். தொப்புள்கொடி அறுத்தது நானு. பெத்தது இவ."

அதிகாரி நல்லம்மாள் பக்கம் திரும்பினார். இவன் உங்கள் மகனா?

நல்லம்மாள் பேசவில்லை. அவர் மறுபடி கேட்டார். விண்ணப்பம் முழுதும் இந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது, அம்மா வாயைத் திறந்து சொல்லாமல் தன்னால் எதையும் எழுத முடியாது என்று பொறுமையாகச் சொன்னார். அவள் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மாதக் கடைசியும் கப்பலும் அவளுக்குத் தெரியும். மாட்டுக் கொட்டகை தெரியும். இருந்தும் அவள் தலையை இல்லை என்பது போல் மெல்ல ஆட்டினாள். அதிகாரி அந்தத் தலையாட்டலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லம்மா" என்றாள் கருப்பம்மாள் தமிழில். "வாங்கினவ நான் இருக்கேன். நான் சொல்றேன், சொல்லு. வார பழி என் தலையில வரட்டும்."

"அக்கா, பயமா இருக்கு."

"எனக்குந்தான். சொல்லு."

நல்லம்மாள் நிமிர்ந்தாள். அதிகாரியைப் பார்க்கவில்லை, பத்துமலையைப் பார்த்தாள்.

"நான் பெத்தேன்."

மகன் என்ற சொல் அப்போதும் அவள் வாயில் வரவில்லை. ஜமாலுடின் அதற்கு மேல் வற்புறுத்தவுமில்லை. 'பெற்றது நான்' என்று அவள் சொன்னதையும், 'பெற்றது இவள், தொப்புள்கொடி அறுத்தது நான்' என்று கருப்பம்மாள் சொன்னதையும் அப்படியே எழுதிக்கொண்டார். இதைச் சத்தியப் பிரமாணமாக இரண்டு பேரும் ஆணையாளர் முன் கைநாட்டு வைத்துக் கொடுக்க வேண்டும் என்றார். பிறகு பத்துமலையிடம் திரும்பினார். உன் பங்கு ஒன்று பாக்கி இருக்கிறது என்றார்.

பாரத்தில் இருந்த 'என்கிற கருப்பம்மாள்' பொய் என்றும், போன வாரம் தெரியாது என்று சொன்னது பொய் என்றும் அவன் தன் கையால் எழுதித் தர வேண்டும். அதை வைத்து அவன்மேல் நடவடிக்கை எடுக்கலாம், எடுக்காமலும் போகலாம். அது மேலே இருப்பவர்கள் தீர்மானம். எழுதாவிட்டால் இந்த இரண்டு பெண்கள் சொன்னதற்கும் மதிப்பில்லை. பொய்யான பாரத்தின் மேல் உண்மையான சாட்சியை ஒட்டி அனுப்ப முடியாது என்றார். கருப்பம்மாள் அதைக் கேட்டு, தன் பேச்சால் அவனுக்குக் கேடு வந்துவிட்டதா என்று தமிழில் கேட்டாள். இல்லைம்மா, என் கையெழுத்தால வந்தது என்றான் பத்துமலை.

அவன் அங்கேயே நின்றபடி எழுதினான். மலாய் எழுத்து அவனுக்கு அவ்வளவு ஓடாது. அதிகாரி இரண்டு இடத்தில் திருத்தினார். சட்டைப் பையில் இருந்த சீனியின் கடிதத்தை வெளியே எடுத்து, நான்காக மடித்து, மறுபடி உள்ளே வைத்துக்கொண்டான். அதைக் கிழிப்பதற்கும் அந்த அறையில் அவனுக்குத் துணிச்சல் வரவில்லை.

நல்லம்மாளின் பாஸை மூன்று மாதம் நீட்டி முத்திரை குத்தினார் ஜமாலுடின். கோப்பு கோலாலம்பூர் போகும். நான் சிபாரிசு செய்கிறேன், அதற்கு மேல் என் கையில் இல்லை என்றார். கதவு வரை வந்தவர், தாயின் பெயரை எழுதும் இடத்தில் இனிமேலாவது அடுத்தவன் யோசனையைக் கேட்காதே என்றார்.

வெளியே வெயில் ஏறியிருந்தது. எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டாப்பு. ஈயக்கல் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. பத்துமலை ரோட்டில் கால் வைத்தான். இரண்டு பக்கமும் இரண்டு கைகள் அவனைப் பிடித்து இழுத்தன. வலது கையைக் கருப்பம்மாளும் இடது கையை நல்லம்மாளும் பிடித்திருந்தார்கள். நகம் பதியும் அளவுக்குப் பிடித்திருந்தார்கள்.

முப்பத்திரண்டு வயது ஆள், கடந்துவிடலாம் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தான். யாரும் கேட்கவில்லை. ரோடு முழுக்கக் காலியான பிறகும் அவர்கள் இன்னும் சற்று நேரம் இரண்டு பக்கமும் பார்த்தார்கள். பிறகுதான் அவனை நடக்க விட்டார்கள்.